டாக்ஸிசைக்ளின் மருந்தும் அதனால் சிலருக்கு நேரும் உபத்திரவங்களும்

மாரிக்காலத்திலும் அதனை அடுத்த பனிக்காலத்திலும் புதர் மண்டிய நிலங்களில் வேலை செய்வோருக்கு உண்ணிக் காய்ச்சல் காண்பதுண்டு. எலி முதலியவற்றை அண்டி வாழும் மிகச் சிறிய உண்ணிக் குஞ்சுகள் கடிப்பதால் இந்நோய் உண்டாகிறது. கல்வராயன் மலையில் காட்டை ஒட்டிப் பயிரிடுவோரும், கள்ளக்குறிச்சிச் சமவெளியில் வரப்புப் புல் அறுப்போரும் இதனை அறிந்திருத்தல் நலம். விடாத சுரம், தலைவலி, அக்குள் முதலிய மறைவிடத்தில் கருகிய சிறு புண் ஆகியவை இதன் அடையாளங்கள். புண் எல்லோருக்கும் காணப்படுவதில்லை. தாமதித்தால் நுரையீரலும் மூளையும் தாக்கப்பட்டு உயிருக்கு அபாயம் நேரும்.

இதற்கு முக்கியமான மருந்து டாக்ஸிசைக்ளின். இவ்வின மருந்துகளில் முதலாவதாகிய ஆரியோமைசின், அமெரிக்காவில் மிஸ்ஸூரி சர்வகலாசாலையின் விவசாய ஆராய்ச்சி நிலத்திலிருந்து 1945-ம் ஆண்டில் எடுத்த மண்ணில் கிடைத்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டு, 1948-ல் வெளியாயிற்று. அதனைக் கண்டறிந்த ஆராய்ச்சிசாலையின் தலைவராயிருந்தவர், சென்னை வைத்தியக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இம்மருந்து எல்லோருக்கும் ஒரே விதமாக ஒத்துக்கொள்வதில்லை. ஆகையால் பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. வயல் வேலை செய்வோர்: மருந்து உண்ணும் நாட்களில் வெயில் பட்ட தோல் எளிதில் சிவந்து எரியும். முண்டாசும் முழுக்கைச் சட்டையும் அணிக. உச்சி வெயிலை விலக்குக.

2. முதியோர், படுக்கையிலிருப்போர்: மாத்திரை உணவுக்குழலில் தங்கினால் புண்ணாகும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

3. கர்ப்பிணிகள்: கருவிலுள்ள சிசுவின் பற்களையும் எலும்புகளையும் முன்னிட்டு, வைத்தியர்கள் பெரும்பாலும் இதற்குப் பதிலாக அஸித்ரோமைசின் கொடுப்பர். கர்ப்பமாயிருப்பதை முதலிலேயே தெரிவித்தல் அவசியம்.

4. குழந்தைகள்: பழைய டெட்ராசைக்ளின் மருந்தால் குழந்தைகளின் பற்களில் கறை படிந்ததுண்டு. டாக்ஸிசைக்ளினைச் சில நாட்கள் மட்டும் கொடுப்பதில் அவ்வச்சமில்லை. 21 நாட்கள் வரையில் எவ்வயதினருக்கும் கொடுக்கலாமென அமெரிக்கக் குழந்தை வைத்தியக் கழகம் 2018-ல் அறிவித்தது. பற்கறைக்கு அஞ்சி, உண்ணிக் காய்ச்சல் கண்ட குழந்தைக்கு மருந்தை மறுத்தல் பெரும் பிழை.

5. இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சல் மருந்தும் உண்போர்: இவை டாக்ஸிசைக்ளின் உடலில் சேர்வதைத் தடுக்கும். ஆகையால் இரண்டையும் எவ்வளவு இடைவெளி விட்டு உண்பதென வைத்தியரைக் கேட்டறிக.

குமட்டல் பலருக்கும் உண்டாகும். ஆகாரத்திற்குப் பின் உண்டால் தணியும். தடிப்பு, முக வீக்கம், மூச்சுத் திணறல், கண் மங்கலுடன் கடுந் தலைவலி ஆகியவை கண்டால் உடனே வைத்தியரிடம் செல்க.

இவற்றைக் கேட்டு மருந்துக்கு அஞ்சுவதும், கடையில் தாமே வாங்கி உண்பதும் ஒருங்கே தவறு. இரண்டு மூன்று நாட்களில் சுரம் தணிந்தாலும் வைத்தியர் குறித்த நாள் முழுவதும் உண்ண வேண்டும். மிஞ்சியதைப் பிறருக்குக் கொடுத்தல் ஆகாது. மலைக் கிராமங்களில் சுரம் கண்டவர்களைத் தாமதமின்றி ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புவித்தல் கிராம அதிகாரிகள் செய்யத்தக்க பேருதவியாகும்.