பால் சுறாவுக்கு முள் ஏன் இல்லை?

கேள்வி: மகள் பிரசவமாகி வீட்டில் இருக்கிறாள். பால் ஊறட்டும் என்று காசிமேட்டிலிருந்து பால் சுறா வாங்கிப் புட்டு செய்து கொடுக்கிறேன். வேகவைத்துத் தோலை உரித்தால் சதை உதிர்ந்துவிடுகிறது. வஞ்சிரத்தில் இருப்பது போல முள் கிடையாது, நடுவில் கத்திக்கு எளிதாக வெட்டுப்படும் தண்டு மட்டும்தான். ஆனால் பல்லோ கையைக் கிழிக்கிறது. எலும்பில்லாத மீனுக்கு இவ்வளவு கெட்டியான பல் எப்படி வந்தது? அதைத் தின்றால் தாய்க்குக் கால்சியம் கிடைக்குமா?
– வாசகி, எம்.கே.பி. நகர், சென்னை

பதில்: அந்தத் தண்டு குருத்தெலும்பு, அம்மா. சுறா, திருக்கை எல்லாவற்றுக்கும் உடற்கூடு அதனால் ஆனதுதான். அதன் மேற்பரப்பில் மட்டும் கால்சியம் பாஸ்பேட் சிறு சிறு ஓடுகளாகப் படிந்திருக்கும், முதுகெலும்பு வட்டுகளும் ஓரளவு இறுகியிருக்கும். வஞ்சிரத்தைப் போல முழு எலும்பாக அது மாறுவதே இல்லை.

நம் இரத்தத்தில் கால்சியமும் பாஸ்பேட்டும் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கின்றன. கண்ட இடத்தில் படிந்தால் உயிருக்கு ஆபத்து, படிய வேண்டிய இடத்தில் படியாவிட்டால் எலும்பே கிடையாது. இதைக் காவல் காப்பவை புரதங்கள். சில படிய வைக்கும், சில தடுக்கும். முதுகெலும்புள்ள உயிர்களில் இந்த வேலைக்கென்றே எஸ்.சி.பி.பி. என்று ஒரு புரதக் குடும்பம் இருக்கிறது. பல் எனாமலை உருவாக்கும் புரதங்கள் இதைச் சேர்ந்தவை, எலும்பில் உள்ள ஆஸ்டியோபான்டினும் அப்படியே. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கசுஹிகோ கவசாகியும் கென்னத் வைஸும் 2003-04இல் இந்தக் குடும்பத்தின் பூர்விகத்தைத் தேடிப் போனார்கள். வேர் ஸ்பார்க் என்ற பழைய மரபணுவில் இருந்தது. எலும்பே இல்லாத ஈயிடமும் உருளைப்புழுவிடமும்கூட ஸ்பார்க் உண்டு. முதுகெலும்பிகளில் அது நகலானது. அந்த நகல் மறுபடி மறுபடி நகலாகி, மூத்தது பழைய வேலையைப் பார்க்க, இளையவை புது வேலைகளுக்குத் தேறின. மனிதரில் இவற்றில் பெரும்பாலானவை இன்றும் 4ஆம் குரோமோசோமில்தான் கூட்டமாக இருக்கின்றன.

இனி சுறாவுக்கு வருவோம். சுறாவின் தூரத்து உறவான யானைச் சுறாவின் மரபணுத் தொகுதியை, சிங்கப்பூரில் பைரப்பா வெங்கடேஷ் தலைமையிலான குழு 2014இல் முழுமையாக வெளியிட்டது. மூதாதையான ஸ்பார்க் அதில் இருந்தது, அதன் முதல் நகலும் இருந்தது. ஆனால் எஸ்.சி.பி.பி. மரபணு ஒன்றுகூட இல்லை. சுறா இனத்துக்கு எலும்பு வாய்க்காததற்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். ஜீப்ரா மீனில் ஆஸ்டியோபான்டின் மரபணுவை அடக்கிப் பார்த்தபோது எலும்பு உருவாவது குறைந்ததும் அதற்கு வலு சேர்த்தது.

இதை வைத்துச் சுறாவை ‘வளர்ச்சி பெறாத பழைய மீன்’ என்று சொல்லிவிடக் கூடாது. பள்ளிப் பாடம் நமக்குள் விதைத்த இந்த எண்ணம் தவறு. மங்கோலியாவில் கிடைத்து 2020இல் விவரிக்கப்பட்ட, சுமார் 41 கோடி ஆண்டுப் பழமையான மின்ஜினியா என்ற மீனின் மண்டை ஓட்டுக்குள் உண்மையான எலும்பு இருந்தது. சுறாவும் வஞ்சிரமும் பிரிவதற்கு முந்தைய கிளை அது. ஆகவே சுறாவின் முன்னோருக்கு எலும்பு இருந்து பின்னால் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். கனிமம் படிய வைக்கும் திறமை மட்டும் பல்லிலும், கையில் உரசும் அந்தச் சொரசொரத் தோலிலும் தங்கிவிட்டது. தோலில் உள்ளவை பல்லின் அமைப்பே கொண்ட நுண்செதில்கள். பல்லின் மேற்பூச்சு ஃபுளூரின் கலந்த கால்சியம் பாஸ்பேட் படிகம், அதுதான் உங்கள் கையைக் கிழித்தது.

உங்கள் மகளிடம் நடப்பதுதான் என்னை மிகவும் வியக்க வைக்கிறது. தாய்ப்பாலில் உள்ள கேசீன் புரதமும் எஸ்.சி.பி.பி. குடும்பத்துப் பிள்ளைதான். பல்லுக்கான மரபணுக்களிலிருந்து கேசீன் பிறந்ததைக் கவசாகியின் குழு 2011இல் விளக்கியது. பாலில் இருக்கும் அளவு கால்சியமும் பாஸ்பேட்டும் வெறும் நீரில் இருந்தால் கல்லாகப் படிந்துவிடும். கேசீன் அவற்றை நுண்திரள்களாகப் பொதிந்து, படியாமல் குழந்தையின் வயிறு வரை கொண்டு சேர்க்கிறது. பல்லில் படிய வைத்த குடும்பம், மார்பில் படியாமல் காக்கிறது!

கால்சியத்துக்காகப் பால் சுறா வேண்டாம். சதையில் புரதம் உண்டு, கால்சியம் குறைவு. பால் ஊறுவதற்கும் குழந்தை அடிக்கடி உறிஞ்சுவதே முதல் வழி. சுறா பிற மீன்களைத் தின்று வாழ்வதால் அதன் உடலில் பாதரசம் சேர்கிறது. பாலூட்டும் தாய்மார் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் அறிவுரை. பால் சுறா சிறிய இனம்தான், ஆனாலும் இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். பாலுக்காகத் தாயின் எலும்பிலிருந்து கொஞ்சம் கால்சியம் இறங்கும், பால் மறக்கடித்த பிறகு பெரும்பாலும் திரும்பச் சேர்ந்துவிடும். அதே காசிமேட்டில் நெத்திலி வாங்கி முள்ளோடு சமைத்துக் கொடுங்கள். கேழ்வரகுக் கூழும் கொடுக்கலாம், 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது.