வேகம் கூட்டும்போது கார் அதிர்வது ஏன்? – பழுதை இனங்காணலும் திருத்தலும்

மாணவர்களே, “கார் ஒன்று ஆர்முடுகும்போது மட்டும் அதிர்கின்றது. காரணம் யாது?” என்று கேட்டால் உங்களிற் பலர் உடனே “பிளக் பழுது” என்று எழுதிவிடுவீர்கள். அது சரியாகவும் இருக்கலாம், பிழையாகவும் இருக்கலாம். பழுதை ஊகித்துச் சொல்வதும் இனங்காண்பதும் ஒன்றல்ல. ஊகிப்பவர் நல்ல பாகங்களைக் கழற்றி எறிந்து பணத்தை இழப்பார். உண்மையான பழுதோ வாகனத்திலேயே இருக்கும்.

1. ஆர்முடுகும்போது நடப்பது என்ன?

விசை = திணிவு × ஆர்முடுகல் என்பதை விஞ்ஞானத்தில் கற்றுள்ளீர்கள். காரின் திணிவு மாறாதிருக்க, ஆர்முடுகலைக் கூட்டுவதற்கு விசையைக் கூட்ட வேண்டும். இது எஞ்சினிலிருந்து கியர்ப்பெட்டி, செலுத்தும் தண்டுகள் என்பவற்றினூடாகச் சில்லுகளை அடைகின்றது. இப்பாதையில் தேய்ந்த அல்லது தளர்ந்த பாகம் ஒன்று இருந்தால், சுமை குறைவாக உள்ளபோது அது மறைந்திருக்கும். சுமை ஏறியதும் அதிர்வாக வெளிப்படும்.

2. இனங்காணும் படிமுறை

படி 1: காரை நிறுத்தி, கைப் பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சின் வேகத்தைக் கூட்டுக. அப்போதும் அதிர்ந்தால் குறைபாடு எஞ்சினில் அல்லது அதன் தாங்கிகளில் உள்ளது. அதிராவிட்டால் எஞ்சின் நல்லது என்று முடிவு செய்யக்கூடாது. சில எஞ்சின் குறைகள் சுமையின்போது மட்டுமே தோன்றும்.

படி 2: சமதளமான, நெரிசலற்ற வீதியில் ஓடும்போது அதிர்வு தொடங்கியதும் ஆர்முடுக்கி மிதியிலிருந்து காலை எடுக்க. அதிர்வு உடனே நின்றால் அது சுமையுடன் தொடர்புடையது. அதே வேகத்தில் தொடர்ந்தால் சில்லுகளையும் ரயர்களையும் முதலிற் சோதிக்க வேண்டும்.

படி 3: அதிர்வின் தன்மையை அவதானிக்க. கார் விட்டுவிட்டு உதறி, இழுவையும் குறைந்தால் எஞ்சினைச் சந்தேகிக்க. இழுவை குறையாமல் முன்பக்கம் இடம் வலமாக ஆடினால் செலுத்தும் தண்டின் மூட்டுகளைச் சந்தேகிக்க.

(ஓட்டிப் பார்க்கும் சோதனையை அனுமதிப்பத்திரமுள்ள சாரதியே செய்ய வேண்டும். நீங்கள் அருகிலிருந்து அவதானியுங்கள்.)

3. காரணங்களும் திருத்தங்களும்

(அ) உருளையில் எரிதல் தவறுதல்

நான்கு அடிப்பு எஞ்சினில் ஓர் உருளை, சுழற்றித்தண்டின் இரண்டு சுற்றுகளுக்கு ஒரு முறை வலு தருகின்றது. எனவே நான்கு உருளை எஞ்சினில் ஒவ்வொரு 180 பாகைக்கும் ஒரு வலு அடிப்பு உண்டு. ஓர் உருளையில் எரிதல் நடைபெறாவிட்டால் அந்த இடத்தில் வெற்றிடம் விழும், கார் உதறும். மாருதி 800 போன்ற மூன்று உருளைக் கார்களில் மூன்றில் ஒரு பங்கு வலு போய்விடுவதால் உதறல் மேலும் கூடும்.

மிதியை அழுத்தும்போது உருளைக்குள் அமுக்கம் கூடுவதால் தீப்பொறி பாய்வது கடினமாகும். ஆகவேதான் பலவீனமான பிளக் அல்லது கொயில் அந்நேரத்தில் தவறுகின்றது. எஞ்சின் ஆறியபின் பிளக்கைக் கழற்றி நிறத்தைப் பார்க்க: இளம் கபிலம் எனில் நல்லது, உலர்ந்த கரி எனில் எரிபொருள் மிகை போன்ற குறை, எண்ணெய் ஈரம் எனில் எஞ்சின் எண்ணெய் உட்புகுகின்றது. இடைவெளியை உற்பத்தியாளர் தந்த அளவுக்குச் சரிசெய்க அல்லது பிளக்கை மாற்றுக. எரிபொருள் வடிகட்டி, வளி வடிகட்டி, இன்ஜெக்டர் என்பவற்றையும் சோதிக்க.

(ஆ) செலுத்தும் தண்டின் மூட்டு தேய்தல்

முன்சில்லுச் செலுத்துகைக் கார்களில் உள்மூட்டுத் தேய்ந்தால் ஆர்முடுகும்போது அதிரும். வெளிமூட்டுத் தேய்ந்தால் திரும்பும்போது “டக் டக்” ஒலி எழும். மூட்டை மூடும் இறப்பர் உறை கிழிந்து கிரீஸ் வெளியேறுவதே இத்தேய்வின் பொதுவான தொடக்கமாகும். உறையை உரிய காலத்தில் மாற்றினால் மூட்டுத் தப்பும்.

(இ) எஞ்சின் தாங்கி பழுதடைதல்

இறப்பர் வெடித்தால் புறப்படும்போதும் கியர் மாற்றும்போதும் எஞ்சின் துள்ளும். தாங்கியை மாற்ற வேண்டும்.

(ஈ) சில்லுக் குறைகள்

சில்லின் சமநிலையின்மையால் வரும் அதிர்வு, குறித்த வேகத்தை அடையும்போது தோன்றும். சில்லைச் சமநிலைப்படுத்துவதே திருத்தமாகும்.

எச்சரிக்கை: சில்லுச் சுரைகள் தளர்ந்திருந்தாலும் கார் அதிரும். ஓடும்போது சில்லு கழன்றால் உயிராபத்து ஏற்படும். ஆகவே ஓட்டிப் பார்க்குமுன் சுரைகளைச் சோதிக்க. எஞ்சின் எச்சரிக்கை விளக்கு விட்டுவிட்டு மின்னினால் தொடர்ந்து ஓட்டக்கூடாது. எரியாத எரிபொருள் புகைபோக்கியிலுள்ள ஊக்கி மாற்றியைச் சிதைக்கும்.

4. மாதிரி வினா

முன்சில்லுச் செலுத்துகைக் கார் ஒன்று வேகம் கூட்டும்போது இடம் வலமாக அதிர்கின்றது. காலை எடுத்ததும் அதிர்வு நிற்கின்றது. இழுவை குறையவில்லை. உரிமையாளர் நான்கு ரயர்களையும் புதிதாக மாற்றியும் பயனில்லை. பழுதை இனங்கண்டு காரணம் கூறுக.

விடை: காலை எடுத்ததும் நிற்பதால் அதிர்வு சுமையுடன் தொடர்புடையது, ஆதலால் ரயர் காரணமன்று. இழுவை குறையாததாலும் உதறல் இன்மையாலும் எரிதல் தவறுதலுக்கு இடம் குறைவு. எனவே செலுத்தும் தண்டின் உள்மூட்டுத் தேய்ந்திருத்தலே பொருத்தமான முடிவாகும். உறையையும் மூட்டின் தளர்வையும் சோதித்து உறுதிசெய்து, மூட்டை மாற்ற வேண்டும்.

கவனிக்க: அந்த உரிமையாளர் காலை ஒருமுறை எடுத்துப் பார்த்திருந்தால் நான்கு ரயர்களின் விலை மிஞ்சியிருக்கும். நீங்களும் பழுதின் பெயரை மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். “ஆதலால்”, “எனவே” என்று காரணத்தை முடிவுடன் இணைத்து எழுதுங்கள்.

பயிற்சி: கார் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அதிர்கின்றது, காலை எடுத்த பின்னரும் அதிர்வு தொடர்கின்றது. நீர் முதலிற் சோதிக்கும் இரண்டு பாகங்களை எழுதிக் காரணம் தருக.