எல்லைப்புறங்களில் குடிநோய் மீட்பு: சக உதவிக் குழுக்களைக் கண்டறிதல்

குடிநோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பும் ஒருவரின் சோதனைக் காலம் மருத்துவமனையில் தொடங்குவதில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு வரும் முதல் சம்பள நாளில்தான் அது தொடங்குகிறது. படுக்கை, மருந்து, மருத்துவர் ஆகியவற்றைத் திட்டமிட்டு வழங்க நமது நிர்வாகம் ஓரளவு பழகியிருக்கிறது. சிகிச்சைக்குப் பிந்தைய மாதங்களில் அவருக்குத் துணை நிற்பது யார் என்பதை அது அவ்வளவாக ஆராயவில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியாயிற்று. 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் ஏறத்தாழ 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர் என்றும், அவர்களில் 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமையானவர்கள் என்றும் அது மதிப்பிட்டது. அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு வகைச் சிகிச்சை பெற்றிருந்தார். உள்நோயாளியாகச் சிகிச்சை பெற்றவரோ 180 பேருக்கு ஒருவர். எஞ்சியோருக்கெல்லாம் படுக்கை அமைத்துத் தருவது எந்த வரவு செலவுத் திட்டத்துக்கும் இயலாது. செலவின்றி இயங்கும் சக உதவிக் குழுக்கள் கவனத்துக்குரியனவாவது இதனால்தான்.

எல்லையின் இயல்பு

பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடாத மாவட்டங்கள். இரண்டுக்கும் பொதுவானது தமிழ்நாட்டு எல்லை. சித்தூர் வட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பகுதிகளிலும், தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் தமிழ் பேசும் மக்கள் தலைமுறைகளாக வாழ்கின்றனர். இவர்களுக்குச் சந்தையும் உறவும் ஒரு மாநிலத்தில். குடும்ப அட்டையும் மருத்துவமனையும் மற்றொரு மாநிலத்தில்.

மதுச் சட்டங்களும் எல்லையில் மாறுகின்றன. தமிழ்நாட்டில் 1987 முதல் கள் தடை செய்யப்பட்டுள்ளது. கேரளத்திலோ அது சட்டபூர்வமான தொழில். அம்மாநிலத்தின் கள் உற்பத்தியில் பெரும்பகுதி சித்தூர் வட்டத்துத் தென்னந்தோப்புகளிலிருந்தே வருகிறது. சாராயத்தைக் கேரளம் 1996-இல் தடை செய்தது. மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது கேரளத்தில் 23, தமிழ்நாட்டில் 21. ஒரு பக்கம் கதவடைத்தால் மறுபக்கத்துக்குப் பேருந்து ஏறுவது இங்கு வழக்கம்.

அட்டப்பாடி இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. தாய்க்குலச் சங்கத்துப் பழங்குடிப் பெண்கள் கள்ளச்சாராயத்துக்கு எதிராக அங்கு நெடுநாள் போராடினர். வட்டாரம் முழுவதும் மதுவிலக்குப் பகுதியாயிற்று. எனினும் எல்லைக்கு அப்பாலுள்ள ஆனைகட்டியில் தமிழ்நாட்டு மதுக்கடை திறந்திருந்தது. அதை மூடக் கோரி 2016-இல் அப்பெண்கள் எல்லை தாண்டி வந்து போராட வேண்டியதாயிற்று. சட்டம் ஊரைக் காக்கலாம். ஏற்கெனவே அடிமையாகிவிட்ட மனிதரை அதனால் மீட்க இயலாது. 2020 அக்டோபரில் வாளையாறு அருகே செல்லங்காவு பழங்குடிக் குடியிருப்பில் நச்சுத் திரவத்தை மதுவென அருந்திய ஐவர் உயிரிழந்தனர்.

குழு என்பது யாது?

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்னும் இயக்கம் 1935-இல் அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்திலுள்ள ஏக்ரன் நகரில் தோன்றியது. குடியிலிருந்து மீள முயன்ற ஒரு பங்கு வணிகரும் ஓர் அறுவை மருத்துவரும் தமக்குள் பேசிக்கொண்டதே அதன் தொடக்கம். இந்தியாவுக்கு அது 1957-இல் வந்தது. குடிநோயாளரின் குடும்பத்தாருக்கென 1951-இல் அல்-அனான் என்ற தனி அமைப்பு உருவாயிற்று.

நமது சிற்றூர்களில் ‘சுய உதவிக் குழு’ என்றதும் சேமிப்பும் கடனும் நினைவுக்கு வரும். இது வேறு. இங்கே உறுப்பினர் பதிவேடு இல்லை, கட்டணம் இல்லை, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே தகுதி. வாரந்தோறும் குறித்த நேரத்தில் கூடி, ஒவ்வொருவரும் தம் அனுபவத்தைக் கூறுவர். யாரும் யாருக்கும் போதிப்பதில்லை. அறை வாடகை, தேநீர் முதலிய செலவுகளை வந்தவர்களே விருப்பம்போல் பகிர்ந்துகொள்வர். வெளியார் நன்கொடையை இயக்கம் ஏற்பதில்லை. மானியம் வழங்கிப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டுப் பழகிய அலுவலகங்களுக்கு இது சற்று விந்தையாகவே தோன்றக்கூடும்!

இத்தகைய குழுக்கள் உண்மையில் பயன் தருகின்றனவா? காக்ரேன் அமைப்பு 2020-இல் வெளியிட்ட மீளாய்வு, 10,565 பேரை உள்ளடக்கிய 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. ஓராண்டு முடிவில் முற்றாக மதுவின்றி இருந்தோர், இயக்கத்துடன் இணைக்கும் வகையில் முறையாக வழிகாட்டப் பெற்றோரிடையே 42 விழுக்காடு. பிற சிகிச்சை முறைகளில் 35 விழுக்காடு. வேறுபாடு பெரிதன்று. ஆயினும் செலவை ஒப்பிடும் பொருளாதார மாணவர் இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 42 விழுக்காடு என்பதில் எஞ்சிய 58 விழுக்காட்டினரும் அடக்கம் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். மீண்டும் குடிப்பது இந்நோயின் இயல்புகளில் ஒன்று. குழு அவரை மறுவாரமும் ஏற்றுக்கொள்கிறது.

மொழியும் மறைவும்

எல்லைப்புறத் தமிழருக்கு இக்குழுக்கள் எட்டாமற்போவதற்கு முதற்காரணம் மொழி. கேரளக் கூட்டங்கள் இயல்பாகவே மலையாளத்தில் நடைபெறுகின்றன. தோட்டத் தொழிலாளர் மலையாளத்தில் கடைவீதியில் பேரம் பேசுவார். மேலாளரிடம் விடுப்பும் கேட்பார். மனைவியின் தாலியை அடகு வைத்துக் குடித்த கதையை அம்மொழியில் சொல்வாரா? 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசுக்குத் தம் மொழியில் எழுதும் உரிமையை வழங்குகிறது. மனத்தின் சுமையை இறக்கி வைக்கும் இடத்துக்கு அந்த உரிமையால் பயனில்லை. அங்கே கேட்பவருக்கும் அம்மொழி தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டாவது காரணம் பெயர் மறைவு. தோட்டத்து லயத்தில் ஒரு வீட்டின் இருமல் அடுத்த வீட்டில் கேட்கும். அங்கேயே கூட்டம் நடந்தால் யாரும் வரமாட்டார். சற்றுத் தொலைவிலுள்ள நகரமே அவர்களுக்கு ஏற்றது; மொழி காரணமாகவும் அந்நகரம் பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் இருக்கும். ஆனைகட்டியிலிருந்து கோவை ஏறத்தாழ 30 கிலோமீட்டர். மறையூர் மக்களுக்கு உடுமலைப்பேட்டையும், குமுளி மக்களுக்குக் கம்பமும், கொழிஞ்சாம்பாறை மக்களுக்குப் பொள்ளாச்சியும் பழகிய ஊர்கள். ஆனால் ஒரு மாநில மருத்துவமனையின் வழிகாட்டிப் பட்டியல் மறு மாநிலத்துக் கூட்டத்தைக் குறிப்பிடுவது அரிது. மது எல்லை தாண்டும் வேகத்தில் இத்தகவல் தாண்டுவதில்லை.

தேடும் வழி

முதலில் ஓர் எச்சரிக்கை. நெடுங்காலம் அளவின்றிக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும், இரண்டு மூன்று நாட்களுக்குள் உயிருக்கு ஆபத்தான மனக்குழப்பமும் ஏற்படலாம். ஆகவே குழுவுக்கு முன் மருத்துவர். கேரள கலால் துறையின் விமுக்தி இயக்கம் 2016-இல் தொடங்கப்பட்டது. மாவட்டந்தோறும் அதன் கீழ் அரசு மருத்துவமனையில் ஒரு சிகிச்சை மையம் அமைக்கப்பட்டது. பாலக்காடு மாவட்டத்துக்கான மையம் அட்டப்பாடியின் கோட்டத்துறை பழங்குடியினர் சிறப்பு மருத்துவமனையில் அமைந்தது.

சிகிச்சை முடிந்து விடைபெறும்போதே, அருகிலுள்ள கூட்டத்தின் நாளும் இடமும் மொழியும் கேட்டறிய வேண்டும். மத்திய அரசின் 14446 என்ற போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்ற மனநல உதவி எண்ணிலும் விசாரிக்கலாம். கூட்டங்கள் இரு வகை: திறந்த கூட்டத்துக்கு உறவினரும் வரலாம், மூடிய கூட்டம் குடிநோயாளருக்கு மட்டுமே. தயங்குபவர் மனைவியுடனோ அண்ணனுடனோ முதலில் திறந்த கூட்டத்துக்குச் செல்வது எளிது. ஒரு கூட்டம் பிடிக்கவில்லையெனில் மற்றொன்றைப் பார்க்கலாம்.

அருகில் எதுவுமே இல்லையென்றால்? இரண்டு மூன்று பேர் குடியை விடும் நோக்குடன் கூடினாலே அது ஒரு குழு என்பது இவ்வியக்கத்தின் விதி. அனுமதியோ பதிவோ தேவையில்லை. பெரிய நகரக் குழுக்களிலிருந்து அனுபவமுள்ளவர்கள் வந்து தொடக்கத்தில் துணை நிற்பதும் உண்டு. சென்னையில் 1980-இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, 1989 முதல் மஞ்சக்குடியில் நடத்திய முகாம்கள், கிராமத்திலேயே கூடிச் சிகிச்சை பெற்று ஊராரின் துணையோடு நிலைப்பது இயலும் என்பதைத் தமிழகத்தில் காட்டின.

அதிகாரிகள் செய்யக்கூடியது குறைவே. ஆனால் அதைச் செய்தாக வேண்டும். பாலக்காடு, கோவை, திருப்பூர், இடுக்கி, தேனி மாவட்டங்களின் கூட்ட விவரங்களை இரு மொழிகளில் ஒரே தாளில் அச்சிட்டு, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் தோட்ட மருந்தகங்களிலும் குடும்பஸ்ரீ அயற்கூட்டங்களிலும் வைக்கலாம். கணவருக்காக முதலில் விசாரிப்பவர் பெரும்பாலும் மனைவியே. பள்ளியிலோ நூலகத்திலோ வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஓர் அறையைத் தரலாம். வருகைப் பதிவேடு, புகைப்படம், இலக்கு எண்ணிக்கை ஆகிய மூன்றையும் அந்த அறைக்குள் கொண்டுசெல்லலாகாது. மலைப்பகுதியில் மாலைக் கூட்டம் முடியுமுன் கடைசிப் பேருந்து போய்விடும். ஆதலால் ஞாயிறு பகலில், சந்தைக்கு வருவோர் திரும்பும் நேரத்துக்கு முன்பாக அறை கிடைக்குமாறு பார்த்துக்கொள்வது நல்லது.