பெரிய கல்லூரியும் சின்னப் பள்ளிக்கூடமும்

பிள்ளையை எங்கே சேர்ப்பது என்ற பேச்சு வந்ததும், "நல்ல பாடசாலை" என்கிறோம். அச்சொல்லுக்கு நம் நாட்டில் ஒரு வரலாறு உண்டு. பெற்றோராகிய நீங்கள் அதை அறிந்திருப்பது நன்று.

வெள்ளையர் ஆட்சியில் ஆங்கிலப் பாடசாலையிற் படிக்கக் கட்டணம் கட்டவேண்டும். சுயபாஷைப் பாடசாலையில் கட்டணமில்லை. இரண்டையும் நடத்தியவர்கள் பெரும்பாலும் ஒரே மிஷனரிமாரே என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. பட்டினத்துக் கல்லூரியில் ஆங்கிலம் கற்றவன் இலிகிதரானான். பங்குப் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்றவன், எவ்வளவு கெட்டிக்காரனாயினும், மிஞ்சிப்போனால் தமிழ் வாத்தியாரானான். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்று யாழ்ப்பாணத்தார் சொன்னது சும்மாவா? கட்டணங் கொடுத்து வாங்கியது அறிவை மட்டுமன்று. உத்தியோகத்துக்குப் போகும் வழியையும்தான்.

அவ்வழியை ஏழைக்கும் திறந்துவிட முயன்றவர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா. அவரும் காலி றிச்மண்ட் கல்லூரி என்னும் மிஷன் பாடசாலையிற் புலமைப்பரிசில் பெற்றுப் படித்தவரே. அவர் தலைமையிலான குழுவின் 1943 ஆம் ஆண்டு அறிக்கையின் பயனாக, 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கிராமப்புறங்களில் மத்திய கல்லூரிகள் எழுந்தன. திருச்சபையோ இதனை ஐயத்தோடு நோக்கியது. அரசு பணங் கொடுத்தால் பாடசாலையும் அரசின் கைக்குப் போய்விடும் என்ற அச்சம் அது.

1960, 1961 ஆம் ஆண்டுச் சட்டங்கள் அவ்வச்சத்தை மெய்ப்பித்தன. பெற்றோர் பாடசாலைகளுக்குள்ளேயே தங்கி எதிர்ப்புக் காட்டியும் பலிக்கவில்லை. முதலாம், இரண்டாம் தரப் பாடசாலைகள் மட்டும் விரும்பினால் அரச உதவியின்றித் தனித்து நிற்கலாம் என்று விடப்பட்டது. அவ்வாறு நின்ற கத்தோலிக்கக் கல்லூரிகள் நன்கொடை திரட்டி ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்தன. அரசு அச்சம்பளத்தைப் பொறுப்பேற்றது பல ஆண்டுகளுக்குப் பின்னரே. அந்தத் தியாகத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பேசாதது ஒன்றுண்டு: நம் கையில் எஞ்சியவை பெரிய கல்லூரிகள், கைவிட்டுப் போனவை சின்னப் பள்ளிக்கூடங்கள்.

கட்டணம் நீங்கியதோடு ஏற்றத்தாழ்வும் நீங்கியதா? கொழும்பு றோயல் கல்லூரி அரசாங்கப் பாடசாலைதான், கல்விக் கட்டணமில்லை. ஆயினும் அதுபோன்ற பாடசாலைகளில் முதலாம் வகுப்புக்கு இடம்பெற வேண்டி, அயலிலே வீடு தேடும் பெற்றோர் உண்டு. வசிக்கும் தூரத்துக்கும் தகப்பன் பழைய மாணவன் என்பதற்கும் புள்ளிகள் உண்டல்லவா? அது தவறினால் ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை. பத்து வயதுப் பிள்ளை விளையாட்டை மறந்து ரியூசனுக்கு ஓடுகிறது.

இன்னொரு வேடிக்கையும் பாருங்கள். 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்கலாகாது என்றது 1961 ஆம் ஆண்டுச் சட்டம். 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தபோது, ஆங்கில மொழிமூலச் "சர்வதேசப் பாடசாலைகள்" கம்பனிகளாகப் பதிந்துகொண்டு முளைத்தன. ஆங்கிலமும் கட்டணமும் பழையபடி கைகோத்துக்கொண்டன!

அங்கே பிள்ளையைச் சேர்க்க எண்ணுகிறீர்களா? கட்டணத்தை விசாரிக்கும்போதே வேறு சிலவற்றையும் விசாரியுங்கள். ஆசிரியரின் தகைமையை யார் பரிசோதிக்கிறார்கள்? தமிழ் எந்த வகுப்புவரை உண்டு? சமய பாடம் உண்டா? முக்கியமாக, எந்தப் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்கிறார்கள்? நம் நாட்டு அரச பல்கலைக்கழகங்களுக்கு மாணவர் தெரிவாவது பிரதானமாக உள்நாட்டுக் க.பொ.த. உயர்தரப் பெறுபேற்றின்படியே.