சைகோன் நகரத்துத் தள்ளுவண்டி ரொட்டி
(பன்னிரண்டாம் வகுப்பு மனையியல் மாணவியர்)

தென்சீனக் கடலின் மேற்குக் கரையில், வடக்கே சீன எல்லையில் தொடங்கித் தெற்கே மேகாங் ஆற்றின் கழிமுகம் வரை மெலிந்து வளைந்து கிடக்கும் நாடு வியட்நாம். நெல் விளையும் பூமி அது. மூன்று வேளையும் அரிசியை நம்பி வாழும் மக்கள். கோதுமை அங்கே பெயரளவுக்குக்கூட விளைவதில்லை எனலாம். அப்படிப்பட்ட நாட்டின் தெருமுனைகளில், பொழுது புலருமுன்பே தள்ளுவண்டிகளில் கோதுமை ரொட்டி சூடாக விற்பனையாகிறது. தொழிற்சாலைக்குப் போகும் தொழிலாளியும் பள்ளிக்குப் போகும் சிறுமியும் அதை வாங்கி, நடந்தபடியே உண்டு முடிக்கிறார்கள். ‘பான் மீ’ என்பது அதன் பெயர். ‘பிற நாட்டு உணவு’ என்னும் பகுதிக்காக இவ்வாண்டு எங்கள் மனையியல் வகுப்பில் நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம் இதுவே.

இத்தனை நாடுகள் இருக்க வியட்நாமை ஏன் எடுத்தீர்கள் என்று தோழியர் கேட்கலாம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தியின் பாட்டி பிறந்து வளர்ந்தது சைகோனில். பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் எழுத்தர்களாகவும் காவலர்களாகவும் தமிழர் பலர் கப்பலேறி அங்கே சென்றனர். செட்டிநாட்டு வணிகர்கள் வட்டிக்கடை வைத்தனர். பென் தான் சந்தைக்கு அருகே அவர்கள் காலத்து மாரியம்மன் கோயில் இன்றும் இருக்கிறது. ‘கா ரி’ என்ற பெயரில் நம் கறிக்குழம்பும் அங்கே தங்கிவிட்டது. சைகோன்வாசிகள் அதை ரொட்டியில் தொட்டே உண்கிறார்கள். 1976-ஆம் ஆண்டு அந்நகருக்கு ஹோ சி மின் நகர் என்று பெயர் மாற்றினார்கள். பாட்டிக்கு அது என்றும் சைகோன்தான். நாங்களும் அவ்வாறே எழுதுகிறோம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். ‘பான்’ என்றால் மாவினால் செய்த பண்டம். ‘மீ’ என்றால் கோதுமை. பிரெஞ்சு மொழியின் ‘பேன்’ என்ற சொல்லே திரிந்து ‘பான்’ ஆயிற்று என்று எங்களில் பலர் எண்ணினோம். அது தவறு. பிரெஞ்சுக்காரர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அரிசிப் பலகாரங்களுக்கு அச்சொல் வழங்கிவந்தது. தாபெர் என்னும் பிரெஞ்சு ஆயர் தொகுத்த இலத்தீன்–வியட்நாமிய அகராதியிலேயே ‘பான் மீ’ இடம்பெற்றுவிட்டது. அந்த அகராதி அச்சானது 1838-இல், நமது வங்காளத்துச் செராம்பூரில்! இதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

பெயர் முன்பே இருந்ததே தவிர, ரொட்டி ஏழையின் கைக்கு வர வெகுகாலம் ஆயிற்று. 1859-இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. வந்தவர்களுக்கு ரொட்டி வேண்டும். கோதுமை மாவு கப்பலில் வந்தது. ஆகவே விலையும் அதிகம். ஊர் மக்கள் அதை ‘பான் தை’, அதாவது மேற்கத்தியப் பலகாரம் என்றழைத்து ஒதுங்கியே நின்றனர். துரைமார் மேசையில் ரொட்டி ஒரு தட்டில், வெண்ணெய் ஒரு தட்டில், ஈரலை அரைத்துச் செய்த ‘பாதே’ இன்னொரு தட்டில் என்று தனித்தனியே பரிமாறப்பட்டது. அங்கே வேலை செய்தவர்கள் அதைச் சமைத்தார்கள், எடுத்து வைத்தார்கள், தட்டுகளைக் கழுவினார்கள். பெயர்கள் மட்டும் அவர்கள் நாவில் ஒட்டிக்கொண்டன. வெண்ணெய் அவர்கள் வாயில் ‘பொ’ ஆயிற்று. முட்டைப் பொரியல் ‘ஓப் லா’ ஆயிற்று. அது ‘எஃப் ஓ பிளா’ என்ற பிரெஞ்சுத் தொடரின் திரிபு என்பதைப் புதுச்சேரிப் பெரியவர்கள் உடனே கண்டுகொள்வார்கள்.

1954-இல் ஜெனீவா உடன்படிக்கையால் நாடு இரண்டாகப் பிரிந்தது. சில மாதங்களுக்குள் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தனர். அவர்களில் பெரும்பாலோர் கத்தோலிக்கர். வீடு வாசலை விட்டுவந்தவர்களுக்கு உடனே கிடைக்கக்கூடிய பிழைப்பு என்ன? ஒரு வண்டி, ஓர் அடுப்பு, ஒரு கத்தி. அப்படி வந்தவர்களில் லெ மின் ஙொக், நுவென் தி தின் என்ற தம்பதியர் 1958-இல் சைகோனில் ‘ஹோவா மா’ என்ற கடையைத் திறந்தனர். காலையில் உட்கார்ந்து தட்டுத் தட்டாக உண்ண நேரமில்லாத தொழிலாளருக்கும் மாணவருக்கும், எல்லாவற்றையும் ரொட்டிக்குள்ளேயே வைத்துக் கையில் கொடுத்தார்கள். இன்றைய பான் மீக்கு அதுவே தொடக்கம் என்று பலரும் கூறுவர்.

இனி அந்த வண்டி. பாட்டி சொன்னதை அப்படியே எழுதுகிறோம்: “எங்க பள்ளிக்கூடத்து மதில் ஓரமா நிக்கும். மேலே கண்ணாடிப் பெட்டி, கீழே கரி அடுப்பு. கண்ணாடிக்குள்ளே ஒரு பக்கம் சின்ன மாதா சுரூபம். அந்தம்மாவும் 1954-லே கப்பல்லே வந்தவங்க. நாங்க ‘யீ’ன்னு கூப்பிடுவோம். யீ-ன்னா சின்னம்மா. எங்க அப்பா தெருவிலே நின்னு சாப்பிடுறது கௌரவக் குறைச்சல்னு அடிப்பார். அடி வாங்கினாலும் பரவாயில்லைன்னு சாப்பிட்டேன்.”

யீ ரொட்டியைக் கரியடுப்பின் மேல் ஒருமுறை காட்டி மொறுமொறுப்பாக்கி, பக்கவாட்டில் கீறுவாராம். உள்ளே முட்டை மஞ்சள் கருவை எண்ணெயுடன் கடைந்த ‘பொ’ ஒரு பூச்சு, பாதே ஒரு பூச்சு. பிறகு ‘சா லுவா’ இரண்டு துண்டு. இது பன்றியிறைச்சியை மீன் சாறு விட்டு விழுதாக இடித்து, வாழையிலையில் உருளையாகச் சுற்றி வேகவைத்தது. யீ அறுக்கும் துண்டில் மறுபக்கம் தெரியும் என்கிறார் பாட்டி. அதன் மேல் வெள்ளரி, கொத்துமல்லித் தழை, புளிக்காடியில் ஊறிய கேரட்டும் முள்ளங்கியும், பச்சை மிளகாய், சோயா சாறு நான்கு சொட்டு. பழைய செய்தித்தாளில் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டால் முடிந்தது. ஒரு நிமிடம்கூட ஆகாது.

இதன் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் பார்த்தபோதுதான் எங்களுக்கு விஷயம் விளங்கியது. விலை கூடிய இறைச்சி, ஈரல், முட்டை எல்லாம் பூச்சளவே. விலை குறைந்த காய்கறி கைநிறைய. ஆனால் முதல் கடியிலேயே நாக்குக்குத் தெரிவது பாதேயின் கொழுப்பும் காடியின் புளிப்பும்தான். காடி கொழுப்பின் திகட்டலை அறுக்கிறது. மிளகாய் உமிழ்நீரை வரவழைக்கிறது. மொறுமொறுப்பு வயிறு நிறைந்த எண்ணத்தைத் தருகிறது. துரையின் மூன்று தட்டுகளும் ஓர் ஏழையின் உள்ளங்கைக்குள் வந்துவிட்டன. அரைப்பதும் ஊறவைப்பதும் அறுப்பதும் ஒரு பெண் இரவில் விழித்திருந்து செய்யும் வேலை. அந்த வேலைக்கு விலை போடாததால்தான் ரொட்டி மலிவாகிறது. இன்றும் அந்நகரில் சாதாரண வண்டியில் 15,000 முதல் 30,000 டோங் வரை கொடுத்தால் ஒன்று வாங்கலாம். பெரிய தொகையாகத் தோன்றினாலும் 20,000 டோங் என்பது நம் பணத்தில் ஏறக்குறைய 70 ரூபாய்தான்.

சென்ற ஆகஸ்டில் பாட்டி எங்கள் வகுப்புக்கே வந்து செய்து காட்டினார். முதல் முயற்சி தோல்வி! நம் கடை ரொட்டி உள்ளே அடர்த்தியாக இருந்ததால் காய்கறி வைத்ததும் பிதுங்கியது. சைகோன் ரொட்டியின் மேலோடு மெல்லியது, உள்ளே பஞ்சுபோல் காற்று. பாட்டி உள்ளிருந்த மெதுப்பகுதியை விரலால் பிய்த்தெடுத்துவிட்டார். “அங்கே இதுக்குக் ‘குடல்’னு பேரு” என்றதும் முன்வரிசையில் இருந்த இருவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டனர். காய்க்கு நாங்கள் கண்ட முறை: கால் கிலோ கேரட், கால் கிலோ முள்ளங்கியைத் தீக்குச்சி போல நறுக்கி, ஒரு தேக்கரண்டி உப்பும் சிறிது சர்க்கரையும் போட்டுப் பிசறிப் பத்து நிமிடம் வைத்துப் பிழிக. பிறகு ஒரு குவளை வெந்நீரில் அரைக் குவளை வினிகரும் நான்கு மேசைக்கரண்டி சர்க்கரையும் கலந்து, ஆறியபின் அதில் ஒரு மணி நேரம் ஊறவிடுக. இறைச்சிக்குப் பதில் நாங்கள் ‘ஓப் லா’ வைத்தோம்.

பச்சை மஞ்சள் கருவில் கடையும் ‘பொ’வைச் செய்ய எங்கள் அருட்சகோதரி அனுமதிக்கவில்லை. காரணம் இல்லாமல் இல்லை. 2024 மே மாதத் தொடக்கத்தில், வியட்நாமின் தோங் நாய் மாகாணத்து லோங் கான் நகரில் ஒரு கடையில் பான் மீ வாங்கி உண்ட 500-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். சால்மொனெல்லா என்ற கிருமியே அங்கே பேசப்பட்டது. பச்சை முட்டை, ஈரல் விழுது, இறைச்சி ஆகிய மூன்றும் வெயில் நேரத்தில் வெளியே இருந்தால் சில மணி நேரத்தில் கிருமி பல மடங்கு பெருகிவிடும். பார்வையிலோ மணத்திலோ வேறுபாடு தெரியாது. தெருவண்டி என்றாலே அழுக்கு என்று சிலர் முகம் சுளிப்பதை நாங்கள் ஒப்பவில்லை. வண்டியில் அன்றன்று செய்து அன்றன்று தீர்வதில் ஒரு காப்பு உண்டு. ஆனால் உச்சிவெயிலுக்குப் பின் மிஞ்சியிருக்கும் பாதேயை யாரிடமும் வாங்கவேண்டாம். வாங்குகிறவரின் கண் முன்னால் முட்டையைப் பொரித்துத் தருவது மேல்.

அதே வண்டிகளில் ரொட்டியோடு சுருள்களும் விற்பதுண்டு. அரிசி மாவை ஆவியில் மெல்லிய தகடாக வேகவைத்து மூங்கில் தட்டிகளில் வெயிலில் காயவைக்கிறார்கள். நம் இலைவடாம் போலத்தான். அதை நீரில் நனைத்து, இறால், கீரை, அரிசிச் சேமியா வைத்துச் சுருட்டினால் ‘கோய் குவோன்’. எண்ணெயில் பொரிப்பதில்லை. ‘போ பியா’ என்ற இன்னொன்று சீனரிடமிருந்து வந்தது. இவற்றை அடுத்த ஆண்டு மாணவியருக்கு விட்டுவைக்கிறோம்.

1975-இல் போர் முடிந்தபின் பத்தாண்டுகளுக்கு மேல் பங்கீட்டு முறை நடந்தது. அரிசிக்கே வரிசை; ரொட்டிக்குள் வைக்க ஒன்றும் கிடைக்காத காலம். 1986-இல் கொள்கை மாறிய பிறகே வண்டிகள் மீண்டும் பெருகின. இதற்கிடையில் படகேறி அகதிகளாகச் சென்றவர்கள் ரொட்டியையும் கொண்டுசென்றனர். அமெரிக்காவின் சான் ஹோசே நகரில் லெ குடும்பத்தார் 1980-களின் தொடக்கத்தில் உணவு வண்டி ஓட்டத் தொடங்கினர். அதுவே ‘லீஸ் சாண்ட்விச்சஸ்’ என்னும் பெரிய நிறுவனமாயிற்று. 2011-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் ‘பான் மீ’ ஏறியது.

வகுப்பு முடிந்து எல்லாரும் உண்ணத் தொடங்கியபோது, பாட்டி மட்டும் ஒன்றும் வைக்காத ரொட்டியில் சோயா சாறு மட்டும் விட்டுக் கேட்டார். ஏன் என்று கேட்டோம். பேருந்துக் காசைச் செலவழித்துவிட்ட நாள்களில் யீ அப்படித்தான் கொடுப்பாராம், கடனாக. 1968 சனவரி இறுதியில், புத்தாண்டு விடுமுறைக்குப் பள்ளி மூடியபோது பாட்டிக்கு வயது 17. மூன்று ரொட்டிக்குக் காசு பாக்கி. அந்தப் புத்தாண்டு இரவில்தான் சைகோன் நகருக்குள்ளேயே சண்டை மூண்டது. பள்ளி திறக்கப் பல வாரங்கள் ஆயின. திறந்த முதல் நாள் காசை மடித்து எடுத்துக்கொண்டு பாட்டி மதிலோரம் சென்றார். வண்டி இல்லை. மறுநாளும் இல்லை. அக்கம்பக்கத்தில் யாருக்கும் யீயின் வீடு எதுவென்று தெரியவில்லை. 1975-இல் குடும்பத்தோடு புதுச்சேரிக்குப் புறப்படும்வரை, அவ்வழியே போகும்போதெல்லாம் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே போனதாகச் சொன்னார்.

“அவங்க பேர்கூட நான் கேட்டு வச்சுக்கல, பிள்ளைகளா” என்று சொல்லிவிட்டு, ரொட்டியை இரண்டாகப் பிய்த்துப் பக்கத்திலிருந்தவளிடம் பாதியைக் கொடுத்தார்.