வண்டு தூங்கும் நேரம்



பூச்சிகளைக் கிட்டப் படமெடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். உங்களிடம் 50 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று கிடந்தால் இப்போதைக்கு வேறு லென்ஸ் வேண்டாம். எக்ஸ்டென்ஷன் ட்யூப் வாங்குங்கள். உள்ளே கண்ணாடியே இல்லாத வெறும் குழாய். லென்ஸைக் கமராவிலிருந்து தள்ளி வைப்பது மட்டும்தான் அதன் வேலை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 50 மில்லிமீட்டர் குழாய் பூட்டினால் பூச்சி சென்சரில் தன் சொந்த அளவிலேயே விழும். மின்தொடுப்பு உள்ள குழாயாகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் இன்றைய லென்ஸ் பலவற்றில் அப்பர்ச்சரை மாற்ற வழியில்லை.

தொல்லை அதற்குப் பிறகுதான். அந்த அளவில் அப்பர்ச்சரை 8இல் வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். நீங்கள் மூச்சு விட்டாலே கண் மங்கி முதுகு தெளிந்துவிடும். 22 வரை மூடினால் ஆழம் கூடும், ஆனால் ஒளி விளிம்பில் சிதறிப் படம் முழுவதும் மெத்தென்று ஆகிவிடும். ஃபோகஸ் வளையத்தைத் தொடாதீர்கள். உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். பிளாஷ் கட்டாயம் வேண்டும், அதன் முன்னால் வெள்ளைத் துணியோ டிஷ்யூவோ கட்டியிருக்க வேண்டும். வண்டின் முதுகு கண்ணாடி மாதிரி. மறைப்பில்லாத பிளாஷ் அதில் வெள்ளைப் பொட்டாக எரியும்.

உண்மையில் நீங்கள் தேட வேண்டியது லென்ஸை அல்ல, பூச்சிகள் வந்து கூடும் ஒரு செடியை. நம் மொன்றியலில் அது கோல்டன்ராட். ஓகஸ்ட் நடுவிலிருந்து ரயில் பாதையோரம், வெறுங்காணி, மலையடிவாரம் எங்கும் மஞ்சளாக நிற்கும். தும்மலுக்கு அதைத் திட்டுவார்கள், பாவம். அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது, பூச்சியில்தான் ஒட்டிப் போகும்; காற்றில் வந்து மூக்கைப் பிடிப்பது அதே காலத்தில் பூக்கும் ராக்வீட்.

செப்டம்பரில் விடியற்காலையில் போங்கள். ஆண் பம்பிள்பீக்கள் கூட்டுக்குத் திரும்புவதில்லை. இரவில் பூவிலேயே தங்கிவிடும். குளிரில் உடம்பு விறைத்து, மயிரில் பனித்துளியோடு, வெயில் ஏறும்வரை அசையாது. பகலில் துரத்தித் துரத்திக் கிடைக்காத படம் அப்போது சும்மா கிடைக்கும். ஆணுக்குக் கொடுக்கும் இல்லை. அதே பூவில் மஞ்சள் நண்டுச் சிலந்தியும் ஒளிந்திருக்கும், பாருங்கள். பூச்சியைக் குளிர்பெட்டியில் வைத்து மயக்கிப் படமெடுக்கச் சொல்வோரும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. இந்த ஊர்க் குளிரே போதும்.

மில்க்வீட் செடியையும் விடாதீர்கள். நம் எருக்கலையின் உறவு, இலையைக் கிள்ளினால் அதே பால். எருக்கலையில் வளரும் வெந்தய வரியனின் பெரிய உறவுக்காரி மொனார்க் வண்ணத்துப்பூச்சி இதில்தான் முட்டையிடும். கோடைக்கடைசியில் பிறப்பவை இங்கிருந்து மெக்சிகோ மலைகள்வரை பறக்கும்.

பனி விழுந்தபின் தாவரவியல் பூங்காவிலுள்ள பூச்சி அருங்காட்சியகமான இன்செக்டேரியத்துக்குப் போகலாம். பூச்சியியலாளர் ஜோர்ஜ் புரொசாரின் பிடிவாதத்தில் 1990இல் திறந்தது. புதிதாகக் கட்டி 2022இல் மறுபடி திறந்தார்கள். கண்ணாடிக்கூடத்தில் வண்ணத்துப்பூச்சிகள் உங்களைச் சுற்றியே பறக்கும். வெளிக்குளிரிலிருந்து கமராவை நேரே எடுத்துப் போனால் லென்ஸ் வேர்த்துவிடும். பைக்குள் மூடி வைத்து மெல்லச் சூடேற விடுங்கள்.

வெளியிலும் குளிர்காலத்துக்கு ஒன்று உண்டு. காய்ந்த கோல்டன்ராட் தண்டில் உருண்டையாக வீங்கிய இடத்தைத் தேடுங்கள். உள்ளே ஓர் ஈயின் புழு இருக்கும். உடம்பில் கிளிசரோலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, உறைந்தும் சாகாமல் கிடக்கும். வெளியேறும் வழியை இலையுதிர்காலத்திலேயே குடைந்து, மெல்லிய தோலை மட்டும் விட்டு வைத்திருக்கும். வசந்தத்தில் ஈ தன் தலையை ஊதிப் பெருக்கி அந்தத் தோலை உடைத்து வரும். அதைப் படமெடுக்க ஆசையென்றால் தண்டோடு ஒன்றை வெட்டி பால்கனியில் வையுங்கள். வீட்டுக்குள் வேண்டாம்: ஹீட்டர் சூட்டில் பனிக்காலத்திலேயே வெளிவந்து, சோடியும் செடியும் கிடைக்காமல் செத்துப்போகும்.