ஒரு சக்கரம் மட்டும் ஏன் நிற்கவில்லை?

இந்த மாதம் சுவர் இதழின் அறிவியல் பகுதிக்கு நான் எங்கள் வீட்டு அம்பாசிடர் காரின் பின் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். பொம்பளப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்குன்னு சில பேர் கேட்பாங்க. பிரேக் சரியில்லாத அன்னைக்கு அந்த வண்டியில் நானும்தான் உட்கார்ந்திருந்தேன். அதனாலதான்.

அம்பாசிடர் இப்போது தயாரிப்பில் இல்லை. மேற்கு வங்காளத்தில் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் 2014-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. ஆனால் எங்கள் அப்பா அதை வைத்துத்தான் சவாரி ஓட்டுகிறார். செங்கல்பட்டு ரயிலடியில் ஆள் ஏற்றி, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய் வருவார். அங்கே கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்திவிட்டு, அவங்க கோயிலெல்லாம் பார்த்து வரும்வரை மணிக்கணக்காகக் காத்திருப்பார். இந்தக் காத்திருப்பு பின்னாடி முக்கியமாக வரும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

ஒருநாள் தூறல் போட்டுக் கொண்டிருந்தது. வண்டியில் பாட்டி, அம்மா, தம்பி, நான். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் குறுக்கே ஆடு வந்தது. அப்பா பிரேக் போட்டார். வண்டி நேராக நிற்காமல் இடது பக்கம் இழுத்து, பின்பக்கம் வழுக்கி, ஒரு புளியமரத்துக்கு ரெண்டு முழம் தள்ளி நின்றது. பாட்டி வாயே திறக்கவில்லை. இறங்கிப் பார்த்தால் இடது பின் சக்கரம் தேய்த்த கோடு மட்டும் ரோட்டில் தெரிந்தது. வலது பக்கம் ஒன்றுமே இல்லை.

இதற்கு ஒரு மாதம் முன்னாடிதான் ஒரு கடையில் காட்டியிருந்தோம். இடது பக்கம் சத்தம் வருதுன்னு சொல்லி, அந்தப் பக்கத்து லைனிங்கை மட்டும் புதுசு மாத்தினாங்க. அதுக்கப்புறம்தான் இழுப்பு அதிகம் ஆச்சு.

எனக்குப் பெரிய சந்தேகம் வந்தது. நம்ம அறிவியல் புத்தகத்தில் பாய்மங்கள் பாடத்தில் பாஸ்கல் விதி இருக்கிறது. மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மேல் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் சமமாகப் பரவும். கார் பிரேக்கும் அப்படித்தான் வேலை செய்கிறது. பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தம் உண்டாகி, குழாய் வழியாகப் பிரேக் ஆயில் அந்த அழுத்தத்தை ஒவ்வொரு சக்கரத்துக்கும் கொண்டு போகிறது. கணக்குக்காக, ஒரு சதுர செ.மீ.க்கு 30 கிலோ அழுத்தம் என்று வைத்துக் கொள்வோம். பிஸ்டனின் பரப்பு 4 சதுர செ.மீ. என்றால் 30 × 4 = 120 கிலோ விசை. இடது பக்கமும் 120, வலது பக்கமும் 120. அப்புறம் ஏன் ஒரு சக்கரம் மட்டும் நின்றது? பாஸ்கல் தப்பா?

இதை மாமாவிடம் கேட்டேன். அவர் மெக்கானிக். சிரித்துவிட்டு, "நின்ன சக்கரத்தை ஏம்மா திட்டுறீங்க? அது அது வேலையைப் பார்க்குது. நிக்காத சக்கரத்தைப் பாருங்க" என்றார். எனக்கு அப்பத்தான் விளங்கியது. கத்துற பிள்ளையை அடிச்சுட்டு, தூங்குற பிள்ளையை விட்டுட்டோம்.

டிரம் பிரேக் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புச் சட்டிதான் டிரம். அதற்குள்ளே பிறை வடிவத்தில் இரண்டு ஷூ. அவற்றின் மேல் லைனிங் ஒட்டியிருக்கும். வீல் சிலிண்டரில் உள்ள பிஸ்டன் ஷூவைத் தள்ளும்போது லைனிங் டிரம்மில் உரசும். இதில் ஒரு வேடிக்கை உண்டு. முன் ஷூவை, சுற்றுகிற டிரம்மே தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக் கொள்ளும். சுற்றுகிற சைக்கிள் சக்கரத்துக்கு எதிராகக் குச்சியைச் சாய்த்து வைத்தால் சரக்குன்னு மாட்டுமே, அந்த மாதிரி. அதனால் இரண்டு பக்கமும் சின்ன வித்தியாசம் இருந்தாலும், டிரம் பிரேக்கில் அது பெரிசாகத் தெரியும்.

சனிக்கிழமை சோதனை ஆரம்பித்தது. கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் போட்டு வந்து, சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினோம் (தொடக் கூடாது, சுட்டுவிடும்). இடது பக்கம் அனல். வலது பக்கம் சில்லுன்னு இருந்தது. ஆனால் சூடு மட்டும் போதாது, ஷூ திரும்பாமல் ஒட்டிக் கொண்டிருந்தாலும் சூடாகும் என்றார் மாமா. அதனால் முன் சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு வைத்தோம். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்துச் சுற்றினால் இரண்டு சக்கரமும் தாராளமாகச் சுற்றியது. நான் பெடலை மிதித்தேன். இடது சக்கரம் அசையவில்லை. வலது சக்கரத்தை மாமா கையாலேயே சுற்றினார்!

அடுத்ததாக ஹேண்ட் பிரேக்கை இழுத்தோம். இப்போது வலது சக்கரமும் கெட்டியாகப் பிடித்தது. இதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். கால் பிரேக் ஆயிலால் வேலை செய்யுது, ஹேண்ட் பிரேக் கம்பியால் வேலை செய்யுது. ஷூ, லைனிங், டிரம் மூன்றும் இரண்டுக்கும் பொது. கம்பியால் பிடிக்கிறது, ஆயிலால் பிடிக்கவில்லை என்றால் கோளாறு லைனிங்கில் இல்லை, ஆயில் வருகிற வழியில் இருக்கிறது. எங்கள் வண்டியில் பின் அச்சுக்கு வரும் ரப்பர் குழாய் ஒன்றுதான். அது அடைத்திருந்தால் இரண்டு சக்கரமும் கெட்டிருக்க வேண்டும். ஆகவே வலது பக்கத்து இரும்புக் குழாய், இல்லாவிட்டால் வலது வீல் சிலிண்டர்.

டிரம்மைக் கழற்றியதும் நான் ஆர்வத்தில் தூசியை ஊதப் போனேன். மாமா என் வாயைப் பொத்திவிட்டார். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் வெளியே வராதாம். ஈரத் துணியால் துடைத்தோம். அப்புறம் கசிவு இருக்கிறதா என்று பார்த்தோம். அச்சில் உள்ள ஆயில் சீல் போயிருந்தால் கியர் ஆயில் உள்ளே வரும். அது கெட்டியாக, கந்தக நாற்றத்தோடு இருக்கும். பிரேக் ஆயில் தண்ணியாக இருக்கும், பெயின்ட்டைக் கூடத் தின்றுவிடும். இரண்டில் எது லைனிங்கில் பட்டாலும் அந்த லைனிங் வீண்தான். எங்கள் வண்டியில் இரண்டும் இல்லை.

வீல் சிலிண்டரைப் பிரித்தபோதுதான் குற்றவாளி அகப்பட்டது. பிஸ்டன் துருப்பிடித்துச் சிலிண்டரோடு ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த ஆயில் டீக்கடை டிக்காஷன் கலரில் வந்தது. புது ஆயில் இளம் மஞ்சளாக இருக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும் குணம் உடையது. கடலோர ஊர் வீடுகளில் உப்பு டப்பாவைத் திறந்து வைத்தால் கசியுமே, அதே கதைதான். ஈரம் சேர்ந்த ஆயில் சிலிண்டரை உள்ளேயிருந்து அரிக்கும். மாமல்லபுரத்து உப்புக்காற்று வெளியிலிருந்து அரித்தது. ஈரம் ஏறினால் கொதிநிலையும் குறையும். டாட் 3 என்ற ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்க வேண்டும், ஈரம் ஏறியதும் அது 140 வரை இறங்கலாம். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றச் சொல்கிறார்கள். நாங்கள் வாங்கியதிலிருந்து மாற்றியதே இல்லை.

ஆக, பாஸ்கல் தப்பில்லை. அழுத்தம் வலது பக்கமும் சமமாகத்தான் வந்தது. பிஸ்டன்தான் நகரவில்லை.

வலது சிலிண்டர் மட்டும் போதுமே என்றார் அப்பா, செலவை நினைத்து. மாமா ஒத்துக் கொள்ளவில்லை. பிரேக்கில் எது மாற்றினாலும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும், ஒரு பக்கம் மட்டும் மாற்றியதால்தான் போன மாதம் இழுப்பு கூடியது என்றார். அம்மா ஒன்றும் பேசாமல் சீட்டுப் பணத்தை எடுத்து வந்து கொடுத்தாங்க. சிலிண்டரும் லைனிங்கும் இரண்டு பக்கமும் புதுசு.

கடைசியில் காற்று எடுக்கும் வேலை. மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரம் முதலில், எங்கள் வண்டிக்கு அது இடது பின் சக்கரம். "மிதி... பிடி... விடு" என்று மாமா அடியிலிருந்து சொல்லச் சொல்ல நான் பெடலை மிதித்தேன். நிப்பிளை மூடுவதற்கு முன்னால் காலை எடுத்தால் காற்று திரும்ப உள்ளே போய்விடும். நான் ரெண்டு தடவை அவசரப்பட்டுத் திட்டு வாங்கினேன். குமிழி வருவது நின்று சுத்தமான ஆயில் வரும்வரை செய்தோம்.

சாயங்காலம் ஏரிக்கரை மண் ரோட்டில் அம்மாவிடம் கோலமாவு வாங்கி நீளமாக நேர்கோடு போட்டேன். அப்பா வலது சக்கரங்களை அந்தக் கோட்டின் மேல் வைத்து 20 கி.மீ. வேகத்தில் வந்து, ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துக் கொண்டு பிரேக் போட்டார். கோட்டிலிருந்து ஒரு சாண் இடது பக்கம் விலகி நின்றது. மாமா வலது பக்கத்து அட்ஜஸ்டரைக் கொஞ்சம் முடுக்கினார் (இது வண்டிக்கு வண்டி வேறு இடத்தில் இருக்கும்). இரண்டாம் தடவை நாலு விரல். மூன்றாம் தடவை கோலமாவு டயரிலேயே ஒட்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அப்பா சவாரிக்குப் போனார். பாட்டி இன்னும் அந்த வண்டியில் ஏறவில்லை, பஸ்ஸில்தான் போகிறார்.


— ஒன்பதாம் வகுப்பு மாணவி